இரண்டு பேருக்கும் சொந்தமான வேலி

இந்த அறையின் பூட்டையும் திறப்பையும் அடுத்த மாதம், என் வேலைக்கு வரும் உங்களிடம் தந்துவிடுவேன். கடற்காற்று நேரே அடிக்கிற நாட்களில் யன்னலைத் திறக்கக் கூடாது, மின்சுற்றுப் பலகையைத் தொடுமுன் கையைக் கழுவி ஈரமில்லாமல் துடைக்க வேண்டும் என்பதையெல்லாம் நான் எழுதத் தேவையில்லை. இரண்டு பலகை உப்புப் பிடித்துச் செத்ததும் நீங்களே கண்டுகொள்வீர்கள். சுவரில் ஒட்டியிருக்கும் இணைப்புப் படமும் உங்களுக்கு விளங்கும். நீங்கள் என்னைவிடப் படித்தவர்கள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். அந்தப் படத்தில் இல்லாத ஒன்றை மட்டும் எழுதிவைக்கிறேன். இந்த இயந்திரம் ஒருமுறை பொய் சொன்னது. அந்தப் பொய்யைக் கட்டிக் கொடுத்தவன் நான்.

நான் பிறந்தது இந்த வேலணைத் தீவிலேயே, சுருவில் என்ற ஊரில். பதின்மூன்று வயதில் தெற்கே ஒரு பட்டினத்தில் எங்கள் ஊரவர் ஒருவரின் கடையில் சாமான் கட்டப் போனேன். அது சரிவரவில்லை, பக்கத்தில் வானொலி திருத்துகிற கடைக்கு மாறினேன். அந்தக் கடையை ஒருநாள் கலவரத்தில் எரித்தார்கள். ஊருக்கு வந்தேன், அங்கேயும் இருக்க முடியவில்லை, மறுபடி புறப்பட்டேன். நான்கு நாடுகளில் இருந்திருக்கிறேன். இரண்டில் மட்டும் முறையான கடதாசி இருந்தது. ஒரு குளிர்காலம் முழுக்க மீன் குளிரறையில் பெட்டி அடுக்கினேன். இடது கையில் இரண்டு விரல் நுனிகளுக்கு இன்றைக்கும் சூடு குளிர் தெரியாது. பற்றாசு வைத்து வயர் ஒட்டத் தெரியும் என்று சொன்னதால் ஜேர்மனியில் ஒரு சிறிய பட்டறைக்குள் எடுத்தார்கள்.

அங்கேதான் இந்தத் தொழிலைக் கண்டேன். பெரிய கணினி ஒன்று செய்கிற வேலையை, மலிவான நுண்செயலிகள் பலவற்றை ஒன்றோடொன்று இணைத்துப் பங்கு போட்டுச் செய்விப்பார்கள். முதல் நான்கு வருடம் வயர் கட்டினேன். பிறகு எந்தச் செயலியை எதோடு இணைப்பது என்று படம் கீறுகிற வேலை எனக்கு வந்தது. அதற்குப் படிப்பைவிடப் பொறுமை வேண்டும். நாற்பது பேர் ஒரே வாசலால் போக முயன்றால் என்ன நடக்கும் என்று தெரிந்திருந்தால் பாதி வேலை முடிந்தது. எல்லைகளில் வரிசையில் நின்றவனுக்கு அது தெரியும்.

அந்தப் பட்டறையில் என் மேசைக்கு எதிரே ஒருவர் இருந்தார். பெயர் வேண்டாம். ஓர் இயந்திரம் கட்டி முடிந்ததும், வாங்குகிறவர் வாசலில் வந்து நின்றாலும், அவர் மற்ற வயர்களையெல்லாம் கழற்றிவிட்டு முழுக் கணக்கையும் ஒரேயொரு செயலியில் ஓட்டுவார். அது நாட்கணக்கில் இழுபடும். முப்பத்திரண்டு பேரைச் சம்பளத்துக்கு வைத்துவிட்டு ஒருவனிடம் வேலை வாங்குகிறீர்களே என்று ஒருமுறை கேட்டேன். எத்தனை பேர் வேலை செய்தார்கள் என்பது நேரத்தில் தெரிய வேண்டும், விடையில் தெரியக் கூடாது என்றார். அவர் இருந்தவரை நானும் அப்படியே செய்தேன். அவர் இருந்ததால்தான் செய்தேன் என்பது இங்கே வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

இங்கே வேலணைக்கு வந்த கதை உங்களுக்குத் தெரியும். தெரியாத பகுதியைச் சொல்கிறேன்.

எங்கள் தீவுக்கு ஆறும் இல்லை, குளமும் பெரிதாக இல்லை. மழை நிலத்துக்குள் இறங்கி, கீழே கிடக்கும் கடல் தண்ணீரின் மேல் ஒரு கிண்ணம் போல மிதக்கிறது. கிணற்றில் நாங்கள் அள்ளுவது அந்தக் கிண்ணத்தில் இருந்துதான். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழேயிருந்து உப்பு ஏறும். ஏறினால் லேசில் இறங்காது. சுருவில் பக்கத்துக் கிணறுகள் பெரும்பாலும் சவர், வாயில் வைத்தால் உப்புக் கரிக்கும். குடிக்கப் பவுசர் லொறியில் தண்ணீர் வர வேண்டும். சாட்டிப் பக்கம் ஒரு தோட்டக் கிணற்றில் நல்ல தண்ணீர் இருந்தது. அங்கே பெரிய மோட்டர் பூட்டி, குழாய் போட்டு, சுருவிலுக்குத் தண்ணீர் கொண்டுபோகலாம் என்று வெளிநாட்டில் இருக்கும் சுருவில் ஆட்கள் முன்வந்தார்கள்.

அந்தக் கிணறு பங்குக் கிணறு. ஐந்து வீட்டுக்குப் பங்கு, முறை வைத்து இறைப்பார்கள். ஐந்து பேரும் கையெழுத்து வைக்க வேண்டும். நான்கு பேர் வைத்துவிட்டார்கள். ஐந்தாவது ஆள் கமலாம்பிகை அக்கா. வெங்காயமும் மிளகாயும் பயிர் செய்கிறவர், தனி மனுசி. அந்தக் கிணறு போனால் அவருக்கு வேறு வழி இல்லை. எவ்வளவு இறைக்கலாம் என்று யாராவது கணக்குக் காட்டட்டும், அதன் பிறகு வைக்கிறேன் என்று சொல்லிவிட்டார்.

அந்தக் கணக்கைச் செய்யத்தான் இந்த இயந்திரத்தைக் கட்டினோம். முப்பது வருட மழையையும் இறைப்பையும் அதற்குள் போட்டு, கிண்ணம் என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டும். உள்ளங்கையளவு பலகை ஒவ்வொன்றிலும் ஒரு நுண்செயலி. அப்படி அறுபத்து நான்கு. தீவின் படத்தை அறுபத்து நான்கு துண்டாக வெட்டி ஆளுக்கு ஒன்று கொடுத்தோம். நிலத்தடித் தண்ணீர் பக்கத்து நிலத்துக்குத்தான் போகும், தாண்டிக் குதிக்காது. ஆகவே ஒவ்வொரு பலகையும் தன் நான்கு பக்கத்து அயலவரோடு மட்டும் கதைத்தால் போதும். இதெல்லாம் சரி. இன்றைக்கும் இதில் எதையும் மாற்ற மாட்டேன்.

இரண்டு துண்டுகள் சந்திக்கும் ஓரத்தில்தான் நான் பிழை விட்டேன். வழமையான முறை, அந்த ஓரக் கீற்றை ஒரு பலகைக்குச் சொந்தமாக்குவது. மற்றது தனக்குத் தேவையானபோது கேட்டு வாங்கும். கேட்டால் காத்திருக்க வேண்டும். எனக்குக் காத்திருப்பது பிடிக்காது. அதோடு இன்னொரு காரணமும் இருந்தது. என் அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் இடையே ஒரு வேலி வழக்கு. இரண்டு கதியாலை, வேலிக்கு நடுகிற பச்சைத் தடிகளை, ஒரு சாண் தள்ளிப்போட்டதில் தொடங்கி, இரண்டு வீட்டாரும் ஊரைவிட்டு ஓடும்வரை நடந்தது. திரும்பி வந்து பார்த்தபோது வேலியும் இல்லை, வீடும் இல்லை. என் இயந்திரத்தில் வேலிச் சண்டையே இருக்கக் கூடாது என்று எடுத்த எடுப்பில் முடிவு செய்தேன். ஓரக் கீற்று இரண்டு பலகைக்கும் சொந்தம். இருவரும் தங்கள் தங்கள் கணக்கைச் செய்யட்டும். முடிவில் இரண்டையும் கூட்டிக்கொள்ளட்டும். யாரும் யாரையும் கேட்கத் தேவையில்லை. நான் கீறிக் கொடுத்தேன். துளசி அதன்படியே நிரலை எழுதினார். அவரை உங்களுக்குத் தெரியும், இனி உங்களுக்கு மேல் அவர்தான்.

அறுபத்து நான்கிலும் சேர்த்து ஓட்டினால் முழுக் கணக்கு ஒன்றரை மணித்தியாலத்தில் முடிந்தது. விடை நன்றாக இருந்தது. பெரிய மோட்டரையே கிணறு தாங்கும் என்றது. ஒற்றைப் பலகையில் ஒருமுறை ஓட்டிப் பார்ப்போமா என்று துளசி கேட்டார். அதற்கு நான்கு நாள் பிடிக்கும், இடையில் கரண்ட் போகும், சுருவில் சனசமூக நிலையத்தில் கையெழுத்து வைக்கும் கூட்டத்துக்கு நாளும் குறித்தாயிற்று என்று நான் சொன்னேன். சொல்லாத காரணம் வேறு. என் தங்கச்சி சுருவிலில் இருக்கிறாள். பவுசர் வருகிற நாட்களில் முழங்கால் வலியோடு வாளி தூக்குகிறாள். எனக்கு அந்த விடை வேண்டியிருந்தது, அதை அப்படியே ஊருக்கும் சொல்லி அனுப்பினேன். கசப்பான விடை வந்திருந்தால் நானே நான்கு நாள் ஓட்டிப் பார்த்திருப்பேன்.

கூட்டம் பிற்பகல் மூன்று மணிக்கு. அன்று காலை ஒன்பது மணிபோல் கமலாம்பிகை அக்கா பஸ்ஸில் வந்து இறங்கினார். குடையைக் கதவில் கொழுவிவிட்டு உள்ளே வந்தார்.

"தம்பி, கையெழுத்து வைக்க முந்தி உதை ஒருக்காப் பாக்க வந்தனான்."

கதிரை எடுத்துப் போட்டேன். அவர் அதில் இருக்கவில்லை. திரைக்குக் கிட்டப் போய், கடற்கரை எது, றோட்டு எது என்று விரலால் தேடி, தன்னுடைய கிணற்றைத் தானே கண்டுபிடித்தார். அதை ஒட்டி ஒரு கோடு போயிற்று.

"உதென்ன கோடு?"

அறுபத்து நான்கு துண்டுகளையும் பலகைகளையும் பற்றிச் சொன்னேன். கவனமாகக் கேட்டார்.

"அப்ப உதுகளெல்லாம் வேலி."

"வேலி மாதிரித்தான் அக்கா."

"என்ரை கிணத்தடியாலை போற வேலி ஆற்றை? இந்தப் பக்கத்தாற்றையோ, அந்தப் பக்கத்தாற்றையோ?"

எங்கள் பக்கத்தில் வேலிக்குக் காணி உறுதிப் பத்திரத்திலேயே உடையவர் உண்டு. ஒரு காணிக்கு எந்தப் பக்க வேலி சொந்தம் என்று எழுதியிருக்கும். உடையவர்தான் கதியால் நடுவார், உடையவர்தான் அதில் தழைக்கும் குழையை ஆட்டுக்கு வெட்டுவார். அக்கா கேட்டது அதைத்தான்.

"ரெண்டு பேற்றையும்," என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன். "அப்பிடியெண்டால் சண்டை வராது."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ரெண்டு பேற்றையும் எண்டு ஒரு வேலி எங்கை தம்பி கிடக்கு? வழக்காடின வீட்டுப் பிள்ளை நீர், உமக்குத் தெரியாதே? அப்பிடி விட்டால் ரெண்டு பேரும் குழை வெட்டுவினம். பிறகு தடிதான் மிஞ்சும்."

நானும் விடவில்லை. "இஞ்சை ஒருத்தரும் வெட்டுறேல்லை அக்கா. இஞ்சை ரெண்டு பேரும் தண்ணி விடுகினம்."

சொன்ன பிறகுதான் அது என் காதில் விழுந்தது. துளசி தன் கதிரையில் திரும்பி என்னைப் பார்த்தார்.

இரண்டு பக்கத்து நிலத்தில் இருந்தும் ஓரக் கீற்றுக்கு ஊறி வருகிற தண்ணீரைக் கூட்டுவது சரி. அது இரண்டு பக்கத்திலிருந்தும் உண்மையாகவே வருகிறது. ஆனால் மழை மேலே இருந்து வருகிறது, ஒருமுறைதான் வருகிறது. இந்தப் பலகையும் தன் ஓரத்தில் முழு மழையைப் போட்டது. அந்தப் பலகையும் அதே ஓரத்தில் முழு மழையைப் போட்டது. கடைசியில் கூட்டினோம். நாங்கள் கீறிய ஒவ்வொரு வேலியிலும் மழை இரண்டு தரம் பெய்தது. அதுவும் முப்பது வருடம். அக்காவின் கிணற்றை ஒட்டியே ஒரு வேலி.

"என்ன, கதை நிண்டிட்டுது?" என்றார் அக்கா.

"மூண்டு மணிக்கு முந்தி உங்களுக்கு ஒண்டும் சொல்லேலாது அக்கா."

"அப்ப நான் இருக்கிறன்," என்று அந்தக் கதிரையில் இருந்தார்.

முழுக் கணக்கை ஒற்றைப் பலகையில் ஓட்ட நேரமில்லை. முப்பது வருட மழைக்குப் பதிலாக ஒரு வருட மழையை எடுத்தோம். முதலில் அறுபத்து நான்கிலும் ஓட்டினோம். மூன்று நிமிடத்தில் முடிந்தது. பிறகு ஒரு பலகையின் நான்கு வயர்களையும் கழற்றி, அதைத் தனியே விட்டுத் தொடங்கினோம். அது மூன்று மணித்தியாலம் கேட்கும். அது ஓடிக்கொண்டிருக்க, மற்றவற்றில் பதினாறு பலகையை மட்டும் சேர்த்து ஒருமுறை, நான்கை மட்டும் சேர்த்து ஒருமுறை.

பதினாறில் கிண்ணம் சற்று மெலிந்து வந்தது. நான்கில் இன்னும் மெலிந்தது. பலகை குறையக் குறைய வேலி குறைந்தது, வேலி குறையக் குறையத் தண்ணீர் குறைந்தது. துளசி, இனி ஒற்றைப் பலகைக்குக் காத்திருக்கத் தேவையில்லை, விளங்கிவிட்டது என்றார். எனக்கும் விளங்கியிருந்தது. ஆனாலும் காத்திருந்தேன். அக்காவும் துளசியும், துளசி கொண்டுவந்த புட்டைப் பிரித்துச் சாப்பிட்டார்கள். நான் திரைக்கு முன்னாலேயே இருந்தேன். தங்கச்சி தொலைபேசியில் கூப்பிட்டு, முன் வரிசையில் எனக்குக் கதிரை பிடித்து வைத்திருப்பதாகச் சொன்னாள். நான் வருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

பன்னிரண்டரைக்கு ஒற்றைப் பலகை முடித்தது. எல்லாவற்றிலும் குறைந்த தண்ணீர் அதில்தான்.

இனித்தான் நீங்கள் கவனிக்க வேண்டிய இடம். துளசி கெட்டிக்காரர், பிழை எந்த வரியில் என்று அதற்குள் கண்டுபிடித்துத் திருத்தியும்விட்டார். "அண்ணை, இப்ப அறுபத்து நாலிலையும் விட்டால் ரெண்டு மணிக்கு முடியும். சரியான விடையோடை கூட்டத்துக்குப் போகலாம். பிழை விட்டதெண்டு ஒருத்தருக்கும் சொல்லத் தேவையில்லை, இன்னும் நுணுக்கமாப் பாத்தது எண்டால் போதும்."

அவர் சொன்னது நடக்கக்கூடிய காரியம். நானும் ஒரு நிமிடம் கணக்குப் பார்த்தேன். இங்கிருந்து சுருவிலுக்குப் போய்ச் சேரவும் நேரம் இருந்தது. ஆனால் அந்த இயந்திரத்தின் முதல் விடையை நான் நம்பியதும் இதே மாதிரித்தான், அவசரத்தில், எனக்குத் தேவையான நேரத்தில். ஒரு பிழையைக் கண்டுபிடித்தால் அது ஒன்றுதான் இருந்தது என்று ஆகாது. முழுக் கணக்கும் ஒற்றைப் பலகையில் நான்கு நாள் ஓடி, திருத்திய அறுபத்து நான்கோடு ஒத்துவரும்வரை, நான் எந்த விடையையும் வெளியே கொண்டுபோக மாட்டேன் என்றேன்.

"சனத்துக்கு என்ன சொல்லப் போறியள்?"

"நாலு நாள் எண்டு."

அக்கா குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "நாலு நாள்தானே பிள்ளை. வெங்காயத்துக்கு நான் மூண்டு மாதம் பாத்துக்கொண்டு இருக்கிறனான்."

சனசமூக நிலையம் நிறைந்திருந்தது. தலைவர் மாலை எல்லாம் வாங்கி வைத்திருந்தார். நான் முன்னால் போய், போன கிழமை தந்த விடை பிழை, பிழை விட்டது நான், இன்றைக்கு யாரும் எதிலும் கையெழுத்து வைக்க வேண்டாம் என்று சொன்னேன். என்ன பிழை என்பதையும் சொன்னேன். வேலி என்று சொன்னதும் எல்லோருக்கும் விளங்கியது. அதுதான் எனக்குக் கூடுதல் வெட்கம்.

பின்னுக்கு இருந்து ஒருவர், "ஜேர்மனியிலை கோப்பை கழுவினவரிட்டைக் கணக்கைக் குடுத்தால் உப்பிடித்தான்," என்றார். சிலர் சிரித்தார்கள். கோப்பையும் கழுவியிருக்கிறேன், பொய்யில்லை. அந்த வேலையில் கழுவியதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காமல் அடுக்கியதில்லை. அதை நான் அங்கே சொல்லவில்லை, இங்கே எழுதுகிறேன்.

தங்கச்சி எழுந்து நின்றாள். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். "நல்ல தண்ணி வரும் எண்டு சொன்னனீங்கள் அண்ணை," என்றாள். "நான் தண்ணித் தாங்கியையும் உரஞ்சிக் கழுவி வைச்சிட்டன்." பிறகு எனக்குப் பிடித்து வைத்த கதிரையில் இருந்த தன் கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

அந்த நான்கு நாளும் ஒற்றைப் பலகை ஓடியது. மூன்றாம் நாள் கரண்ட் போனது. பற்றரி தாங்கியது. இதற்கிடையில் ஓரக் கீற்று ஒவ்வொன்றுக்கும் ஓர் உடையவரைக் குறித்தோம். கிழக்கு வேலியும் தெற்கு வேலியும் அந்தந்தத் துண்டுக்குச் சொந்தம். மற்ற இரண்டுக்கும் அயலவரைக் கேட்க வேண்டும். கேட்டுக் காத்திருப்பதால் அறுபத்து நான்கு பலகைக்கும் முன்னையதைவிடச் சில நிமிடம் கூடப் பிடித்தது. நான் மிச்சம் பிடிக்கப் பார்த்தது அந்தச் சில நிமிடத்தைத்தான்.

இரண்டு விடையும் ஒத்தன. பெரிய மோட்டர் பூட்டினால் சில வருடத்தில் கிணறு சவராகிவிடும், சுருவிலுக்கும் தண்ணீர் இல்லை, தோட்டத்துக்கும் இல்லை. சின்ன மோட்டர் என்றால் கிணறு தாங்கும். காலையில் கொஞ்ச நேரம், குடிக்க மட்டும். வீட்டுக்கு நாளைக்கு இரண்டு குடம்.

கமலாம்பிகை அக்கா அதற்குக் கையெழுத்து வைத்தார். வைக்குமுன் ஒரு வரி சேர்க்கச் சொன்னார்: வெங்காயத் தாளின் நுனி கருகினால் அன்றைக்கே மோட்டரை நிறுத்த வேண்டும். உப்பு ஏறுவதை முதலில் காட்டுவது வெங்காயம்தானாம். இயந்திரத்தை நம்பவில்லையா என்று கேட்டேன். நம்பித்தானே வைக்கிறேன், வெங்காயமும் பார்த்துக்கொண்டு இருக்கட்டும் என்றார்.

குழாய் வந்த அன்று தங்கச்சி வீட்டுக்குப் போனேன். அதுவரை அவள் என்னோடு கதைக்கவில்லை. முதல் தண்ணீரை எனக்குத் தரவும் இல்லை. தானே ஒரு மிடறு குடித்துவிட்டு வாயில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"ரெண்டு குடம்தானோ?"

"ஓம். ரெண்டு குடம்தான்."

"கோடைக்கும் வருமோ?"

"வரும்."

"நிச்சயமோ, இல்லாட்டி போனமுறை மாதிரியோ?"

"ஒண்டிலை ஓட்டிப் பாத்தனான்," என்றேன். அவளுக்கு அது விளங்கியிருக்காது. ஆனாலும் செம்பை நிறைத்து என்னிடம் தந்தாள்.

இரண்டு கோடை போய்விட்டது. குடம் இரண்டும் வருகிறது, வெங்காயத்தாள் பச்சையாக இருக்கிறது. இனி வேறு கிணறுகளுக்குக் கணக்குக் கேட்டு வருவார்கள். நீங்கள் பலகையை இருநூறாக்குவீர்கள், என்னைவிட நல்ல இணைப்புப் படம் கீறுவீர்கள். செய்யுங்கள். மேல் வரிசையில் இடது ஓரத்துப் பலகையில் சிவப்பு நூல் கட்டியிருக்கிறேன். அதன் வயர்கள் லேசாகக் கழற்றக்கூடியவை. எந்த விடையையும் வெளியே கொண்டுபோகுமுன் அதில் ஒருமுறை தனியே ஓட்டுங்கள். நான்கு நாளோ எட்டு நாளோ கேட்கும். வாசலில் யாராவது நின்று அவசரப்படுத்துவார்கள். அந்த ஆள் உங்கள் சொந்தத் தங்கச்சியாக இருந்தால் இன்னும் ஒரு நாள் கூட ஓட்டுங்கள்.